மருந்துப் பையில் இரண்டு வேலை: வாசகர் கேள்வி – பதில்

முப்பத்து நான்கு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், இந்தப் பக்கத்துக்குப் பெரும்பாலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், குழந்தைக்குச் சளி என்றுதான் கேள்விகள் வரும். போன இதழில் போலியோ பற்றி நாலு வரி எழுதினேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் எல்லாம் மருந்துக்குள் போரும் உளவும் அரசியலும் நுழைவது பற்றிப் போயிருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கப் போகும் பெண்களோடு துப்பாக்கி ஏந்திய போலீஸும் போவதாகப் படித்தேன். நம் ஊரில் அங்கன்வாடி டீச்சர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகத்தான் வருகிறார். அங்கே மட்டும் ஏன் அம்மா இப்படி?
– வாசகி, இராமநாதபுரம்

காரணங்கள் பல உண்டு. அதில் ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதைச் சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டின் தொடக்கம். அபோட்டாபாத் என்ற ஊரில் உயர்ந்த மதில் எழுப்பிய ஒரு வீட்டில் ஒசாமா பின்லேடன் ஒளிந்திருக்கிறார் என்று அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வுக்குச் சந்தேகம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் இரத்தம் ஒரு சொட்டு கிடைத்தால் மரபணுவை ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் யார் போவது? ஊசி போடுகிற பெண் போகலாம். உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் அவளுக்குக் கதவு திறக்கும். ஷகீல் அஃப்ரிதி என்ற பாகிஸ்தான் டாக்டரைப் பிடித்து, அவர் மூலமாக ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கான தடுப்பூசி முகாம் ஒன்றை நடத்த வைத்தார்கள்.

யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று முகாமை முதலில் ஊரின் ஏழைப் பகுதியில் ஆரம்பித்தார்கள். மருந்து நிஜம்தான், ஊசியும் நிஜம்தான். ஆனால் ஹெபடைடிஸ் பி ஒரே ஊசியோடு முடிகிற விஷயம் இல்லை. மூன்று தவணை போட வேண்டும். முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து இரண்டாவது போட வேண்டிய நேரத்தில், அவர்கள் அந்த ஏழைப் பகுதிக்குத் திரும்பவே இல்லை. முகாமை பின்லேடன் வீடு இருந்த பகுதிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. ஊசி போட்டதும் அட்டையில் அடுத்த தேதியை எழுதி, "மறக்காம வாங்கம்மா" என்று சொல்லித்தான் நாங்கள் அனுப்புவோம். அந்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூடத் தேதி தப்பாமல் வருவாள். வெயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, முகாம் இல்லாததைப் பார்த்துத் திரும்பிப் போன ஒரு தாயாவது அபோட்டாபாத்தில் இருந்திருப்பாள். அவளுடைய குழந்தை யாருக்கு என்ன செய்தது?

2011 மே 2 அன்று பின்லேடன் கொல்லப்பட்டார். முகாம் மூலம் தேடிய மரபணு கிடைக்கவில்லை என்றுதான் பிறகு செய்திகள் வந்தன. ஜூலை மாதம் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை முகாமின் கதையை வெளியிட்டது. அஃப்ரிதி சிறைக்குப் போனார். அவரோடு வேலை பார்த்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் பலர், எதற்காகப் போனோம் என்பதே தெரியாமல் போனவர்கள், வேலையை இழந்தார்கள்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் பாகிஸ்தானின் வடக்கு வஜிரிஸ்தானில் ஒரு தாலிபான் தளபதி, அமெரிக்க ட்ரோன் தாக்குதல் நிற்கும்வரை சொட்டு மருந்து கூடாது என்று தடை போட்டார். உளவு பார்க்கத்தான் வருகிறார்கள் என்றார். ஒரு வருடத்துக்கு முன்னால் அதை வதந்தி என்று தள்ளியிருக்கலாம். இப்போது என்ன சொல்லி மறுப்பது? டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பக்கமும் மூன்று நாட்களுக்குள் ஒன்பது போலியோ பணியாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள். பதின்வயதுப் பெண்ணும் உண்டு. ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாய் கூலிக்கு வெயிலில் நடந்தவர்கள்.

2012இல் பாகிஸ்தானில் 58 குழந்தைகளுக்குப் போலியோ. 2013இல் 93. 2014இல் 306. இந்த ஏற்றம் முழுவதும் ஒரு போலி முகாமால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சண்டை நடந்த மலைப்பகுதிகளுக்குள் மருந்து போகவே வழியில்லாமல் இருந்தது, ஜனங்கள் இடம்பெயர்ந்தார்கள், மருந்தை மறுப்பதும் 2011க்கு முன்பே இருந்தது. ஆனால் மறுத்தவர்கள் கையில் ஒரு நிஜமான காரணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த முகாம். அதனால்தான் இன்றும் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் துப்பாக்கி நடந்து போகிறது.

கேள்வி: ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற ஒருவரைப் பிடிக்க ஒரு டாக்டர் பொய் சொன்னால் அது தப்பா? பத்து வருடத் தேடல் இல்லையா அது?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பின்லேடனைப் பிடித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை தம்பி. எந்த வேஷத்தில் போனார்கள் என்பதுதான் என் கேள்வி. பால்காரர் வேஷம் போட்டிருந்தால் நாளைக்குப் பால்காரரைச் சந்தேகப்படுவார்கள், அவ்வளவுதான். ஊசிக்காரி வேஷம் போட்டால் குழந்தைகள் கால் விளங்காமல் போகும்.

போரிலும் இதற்கு ஒரு வரம்பு உண்டு. செஞ்சிலுவைச் சின்னத்தைப் போட்டுக்கொண்டு எதிரியை ஏமாற்றக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகள் சொல்கின்றன. 2008இல் கொலம்பியா ராணுவம், கொரில்லாப் போராளிகளிடம் பிணைக்கைதிகளாக இருந்த 15 பேரை ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காமல் மீட்டது. உலகமே கை தட்டியது. பிறகு, அந்த நடவடிக்கையில் ஒரு சிப்பாய் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்தது தெரியவந்தது. யாரும் சாகாத அந்தக் காரியத்துக்கே கொலம்பியாவின் அதிபர் உரிபே செஞ்சிலுவைச் சங்கத்திடம் மன்னிப்புக் கேட்டார். சின்னம் ஒரு தடவை பொய்யானால், அடுத்த தடவை காயம்பட்டவனைத் தூக்க வரும் நிஜமான ஆம்புலன்ஸைச் சுடுவார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

அமெரிக்காவிலேயே 12 பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள் 2013 ஜனவரியில் அதிபர் ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற பதில் 2014 மே மாதம் வந்தது. பதினாறு மாதம் கழித்து வந்தாலும் நல்ல பதில்தான். ஆனால் வஜிரிஸ்தானில் ஒரு பாட்டி வாஷிங்டன் கடிதத்தைப் படித்துவிட்டா கதவைத் திறக்கப் போகிறாள்?

கேள்வி: சொட்டு மருந்து போட்டால் பிள்ளை பெறும் சக்தி போய்விடும் என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. படித்தவர்களே பகிர்கிறார்கள். இவர்களைத் திருத்தவே முடியாதா?
– வாசகர், திருச்சி

அந்தச் செய்தி பொய். அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் "இவர்களைத் திருத்துவது" என்று ஆரம்பித்தால் ஒன்றும் நடக்காது.

இதே பொய் 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் அரசாங்க முடிவாகவே ஆனது. வடக்கு மாநிலங்கள் சில சொட்டு மருந்தை நிறுத்திவைத்தன. கானோவில் 2004 ஜூலையில்தான், இந்தோனேசியாவில் தயாரான மருந்து என்று காட்டித் திரும்ப ஆரம்பிக்க முடிந்தது. அதற்குள் அங்கிருந்து கிளம்பிய கிருமி பல நாடுகளுக்குப் போய், கடைசியில் இந்தோனேசியாவையே எட்டிவிட்டது. ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? 1996இல் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் ஒரு புது மருந்தைச் சுமார் 200 குழந்தைகளை வைத்துச் சோதித்தது. 11 குழந்தைகள் இறந்தன. பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கவில்லை என்று வழக்கு. நோயால்தான் இறந்தார்கள் என்றது நிறுவனம். 2009இல் மாநில அரசோடு ஏழரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அப்படி ஒரு காயம் பட்ட ஊரில் வெள்ளைப் பெட்டியோடு யார் வந்தாலும் பயம் வரத்தான் செய்யும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வட மாவட்டத்தில் தோல் தொழில் நடக்கும் ஒரு ஊர். வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலை ஆரம்பித்த காலம். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டால் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் 'பி' என்று எழுதுவோம். விட்டுப் போனால் பெருக்கல் குறி. ஒரே சந்தில் வரிசையாக ஏழு பெருக்கல் குறி. கடைசி வீட்டுப் பாட்டி கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆபரேஷனுக்கு வா வான்னு என் மருமகளை மூணு மாசம் துரத்தினவ நீதானே? இப்ப என்னத்தக் கொண்டாந்திருக்க?"

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அவர் சொன்னது உண்மை. 1996 வரைக்கும் எங்களுக்கு மாதாமாதம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு உண்டு. இத்தனை "கேஸ்" பிடித்துக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பார்கள். பிரசவம் பார்க்கப் போகும்போதும், காய்ச்சல் மாத்திரை கொடுக்கப் போகும்போதும் கண் அந்தக் கேஸ் மேல்தான் இருக்கும். ஒரே பையில் இரண்டு வேலையை எடுத்துப் போனவள் நான். சொட்டு மருந்து மலடாக்கும் என்ற வதந்தி அந்தச் சந்தில் ஏன் ஒட்டியது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பாட்டியிடம் வாதாடவில்லை. திண்ணையில் உட்கார அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். பெட்டியைத் திறந்து ஐஸ் கட்டிக்கு நடுவில் இருந்த குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் சின்னச் சதுரம். மருந்து நன்றாக இருந்தால் சதுரம் வெளுப்பாக இருக்கும். சூடு பட்டுக் கெட ஆரம்பித்தால் கறுத்துக்கொண்டே வந்து வட்டத்தின் நிறத்தைப் பிடித்துவிடும். அதைக் காட்டினேன். ஆபரேஷன் விஷயத்தில் நான் தொந்தரவு செய்தது தப்பு என்றும் சொன்னேன். அன்று அவர் சம்மதிக்கவில்லை. மறுநாள் பள்ளிவாசல் இமாமைப் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் தன் பேரனைத் தூக்கி வந்து எல்லார் முன்னாலும் சொட்டு மருந்து போட வைத்தார். அடுத்த சுற்றில் ஏழு பெருக்கல் குறியில் ஆறு அழிந்தது. ஏழாவதை அழிக்க இன்னும் இரண்டு சுற்று ஆனது.

உத்தரப் பிரதேசத்தில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மிலியாவும் உள்ளூர் இமாம்களும் கூடவே நின்றார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி மேற்கு வங்கத்தின் ஹவுராவைச் சேர்ந்த ஒரு குழந்தை. நோய் கண்ட நாள் 2011 ஜனவரி 13. அபோட்டாபாத்தில் போலி முகாம் நடந்ததும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரையும் திட்டாதீர்கள். செய்தியைப் பகிர்ந்தவர் வீட்டுக்கு, ஊரில் அவர் மதிக்கிற ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஹைட்டி நாட்டில் காலராவைப் பரப்பியதே ஐ.நா. படைதான் என்கிறார்களே, இது உண்மையா, கட்டுக்கதையா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

உண்மைதான் ஐயா. 2010 ஜனவரியில் ஹைட்டியில் பெரிய நிலநடுக்கம். அக்டோபரில் காலரா. அதற்கு முன் குறைந்தது நூறு வருடமாக அந்த நாட்டில் காலரா பதிவானதே இல்லை. மிர்பலே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஐ.நா. அமைதிப் படையின் நேபாள வீரர்கள் முகாம். அங்கிருந்து மலக்கழிவு ஒரு ஓடையில் கலந்தது. ஓடை ஆர்ட்டிபோனைட் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆற்றில்தான் ஜனங்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், குடித்தார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள்.

காலராவில் ஒரு ஆள் எப்படிப் போவார் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் நடமாடியவர் சாயங்காலம் கண் குழிந்து, விரல் நுனி சுருங்கி, தோலைக் கிள்ளினால் கிள்ளிய இடம் அப்படியே நிற்கும். இத்தனைக்கும் சிகிச்சை எளியது: உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த தண்ணீர். 1971இல் கிழக்கு வங்கத்து அகதிகள் நம் எல்லைக்குள் குவிந்தபோது, பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்கிக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். சொந்தக்காரர்களே புகட்டினார்கள். படுக்கை இல்லை, பாட்டில் இல்லை, நர்ஸ்கூடப் போதாது. அந்த முகாமை நினைத்தால் எங்கள் தொழில் மேல் எனக்கு இன்றைக்கும் பெருமை பொங்கும்.

ஹைட்டிக்கு வருவோம். கிருமி வந்ததைவிட, வந்த பிறகு ஐ.நா. நடந்துகொண்ட விதம்தான் எனக்கு வலிக்கிறது. முதலில் மறுத்தது. ஐயாயிரம் பேர் இழப்பீடு கேட்டார்கள். 2013இல் அதைத் தள்ளிவிட்டது. அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1946ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஐ.நா. மேல் வழக்குப் போட முடியாது என்று அதுவும் தள்ளுபடி. 2016 டிசம்பரில்தான் பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திரட்டுவோம் என்றார்கள். உறுப்பு நாடுகள் கொடுத்தது அதில் சொற்பம். ஓர் ஊராட்சித் தலைவர் தன் வீட்டுக் கழிவுநீரை ஊர்க் கிணற்றில் விட்டால் நாம் சும்மா விடுவோமா?

கேள்வி: போரையே நிறுத்த முடியாதவர்கள் தடுப்பூசிக்காக மட்டும் நிறுத்துவார்களா?
– வாசகி, யாழ்ப்பாணம்

நிறுத்தியிருக்கிறார்கள் தங்கச்சி. உங்கள் நாட்டிலேயே 90களில் சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம்.

இதற்கு முன்மாதிரி மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோர். 1985இல் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் அதிபரிடம் பேசினார். தேவாலயம் கொரில்லாக்களிடம் பேசியது. மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை நின்றது. சுமார் இரண்டரை லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். போர் முடியும்வரை வருடா வருடம் இது தொடர்ந்தது.

1995இல் சூடானில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் பேசி ஏற்படுத்திய நிறுத்தம் கிட்டத்தட்ட ஆறு மாதம் நீண்டது. எதற்காகத் தெரியுமா? நரம்புச் சிலந்திக்காக. நம் வறண்ட மாவட்டங்களிலும் அது இருந்தது. குளத்துத் தண்ணீர் வழியாக உள்ளே போய், ஒரு வருடம் கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு வெள்ளை நூல் மாதிரி வெளியே வரும். ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். அதனால் ஈர்க்குச்சியில் தினம் ஒரு சுற்று சுற்றிச் சுற்றியே எடுக்க வேண்டும். என் பாட்டி தன் கணுக்காலில் இருந்த தழும்பைக் காட்டி இதைச் சொல்லியிருக்கிறார். 1986இல் உலகத்தில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. 2023இல் 14 பேர். தண்ணீரைத் துணியில் வடிகட்டக் கற்றுக் கொடுத்தே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. கார்ட்டரும் வெளிநாட்டு விவகாரத்தில் தலையிட்டவர்தான். ஆனால் அவருடைய ஆட்கள் வடிகட்டித் துணியும் மருந்தும் தடுப்பூசியும் கொடுக்கத்தான் போனார்கள்.

காஸாவில் 2024 ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் போலியோ. 25 வருடத்துக்குப் பிறகு முதல் முறை. செப்டம்பர் 1 முதல் பகுதி பகுதியாகக் காலையிலிருந்து பிற்பகல் வரை சண்டையை நிறுத்தி, முதல் சுற்றில் சுமார் ஐந்தரை லட்சம் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். பிற்பகலில் மறுபடி குண்டு விழுந்தது. காலையில் சொட்டு மருந்து போட்ட குழந்தை மாலையில் உயிரோடு இருக்குமா என்று தெரியாமல் விரலில் மை வைத்த அந்தச் செவிலியர்களை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. போர் நிற்க இது போதாது. ஆனாலும் அந்தச் சில மணி நேரத்தைக் கேட்டு வாங்காமல் விட முடியாது.

கேள்வி: அமெரிக்கா யு.எஸ்.எய்ட் என்ற தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடிவிட்டது. உளவு பார்த்தவர்கள் போனது நல்லதுதானே?
– வாசகர், மதுரை

இல்லை. எய்ட்ஸுக்காக 2003இல் அமெரிக்கா ஆரம்பித்த பெப்ஃபார் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். எய்ட்ஸ் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். 2025 ஜனவரியில் உதவிப் பணம் திடீரென்று முடக்கப்பட்டபோது ஆப்பிரிக்காவில் பல கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன. தவணை நடுவில் திரும்பி வராமல் போவது என்று அபோட்டாபாத் பற்றிச் சொன்னேனே, இதுவும் அதே துரோகம்தான்.

கேள்வி: மகன் நர்ஸிங் முடித்திருக்கிறான். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து போர் நடக்கும் இடங்களுக்குப் போக வேண்டும் என்கிறான். அனுப்பலாமா அக்கா?
– வாசகி, நாகர்கோவில்

அனுப்புங்கள். பயமாகத்தான் இருக்கும், இருந்தாலும் அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள். பணம் யாரிடமிருந்து வருகிறது, நோயாளிகளைப் பற்றி எடுக்கும் குறிப்புகள் யார் கைக்குப் போகின்றன. நேரான பதில் வராவிட்டால் அந்த இடம் வேண்டாம்.

அப்புறம், போய் இறங்கியதும் அந்த ஊர்ப் பாஷையில் "வலிக்கிறதா?" என்று கேட்கக் கற்றுக்கொள்ளட்டும். நான் அந்தத் தோல் தொழில் ஊருக்கு மாற்றலாகிப் போனபோது உருதுவில் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். சொல்லிக் கொடுத்தது அந்தச் சந்துப் பாட்டியின் மருமகள்.